இரண்டரை மைக்ரான் அலுமினியமும் சான்பாடாவின் உப்புக்காற்றும்

பன்னிரண்டு மைக்ரான் தடிமனுள்ள மைலார் தாளில் ஒரு சதுர மீட்டர் வெட்டி எடை போட்டால் சுமார் 17 கிராம் காட்டும். அதே பரப்பின் மேல் 14 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றும் 17 கிராம்தான். பேனல் ஸ்பீக்கரில் அதிரும் தாள் இவ்வளவு லேசானது. ரிப்பன் ஸ்பீக்கரில் இன்னும் லேசு. அதில் அதிர்வது இரண்டரை மைக்ரான் அலுமினியத் தகடு. சதுர மீட்டருக்கு ஏழு கிராம்கூட வராது.

சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். எட்டு அங்குல வூஃபரின் கோன், அதன் பின்னால் ஒட்டிய செப்புச் சுருளோடு சேர்ந்து 20, 25 கிராம் இருக்கும். பரப்போ 200 சதுர சென்டிமீட்டரை ஒட்டித்தான். சதுர மீட்டர் கணக்கில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். மைலார் தாளின் மேல் ஒட்டும் அலுமினியக் கம்பியின் எடையைக் கூட்டிக்கொண்டாலும் வித்தியாசம் பல மடங்கு. இன்னொன்று, கோனை அதன் நடுவில் உள்ள சுருள் மட்டுமே தள்ளுகிறது; விளிம்பு அந்தத் தள்ளலை வாங்கி வளைந்து, நெளிந்து, சற்றுத் தாமதமாகப் பின்தொடர்கிறது. பேனலில் கம்பி தாள் முழுக்க ஓடுவதால் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறது. மீட்டல் வந்ததும் நகர்ந்து, மீட்டல் நின்றதும் நிற்க அதனால் முடிகிறது. வீணைத் தந்தியில் நகம் படும் அந்தக் கணம், பாடகர் மெய்யெழுத்திலிருந்து உயிரெழுத்துக்குப் போகும் நொடி, தம்புராவின் ஜீவா நூலில் பிறக்கும் இரைச்சல் கலந்த ஒலி: இவற்றை ஒரு நல்ல பேனலில் கேட்டவர்களுக்கு மற்ற ஸ்பீக்கர்கள் கொஞ்சம் மந்தமாகத்தான் படும்.

இந்த மெலிவுதான் பேனலின் அத்தனை நன்மைக்கும் காரணம். அத்தனை தொல்லைக்கும் அதுவே காரணம். விலை அதிகம், இடம் அடைக்கும், ஆம்ப்ளிஃபயரைத் தின்னும், மழைக்காலத்தில் கவலை தரும் என்று சொல்லப்படும் ஒவ்வொரு புகாரையும் துருவிப் போனால் கடைசியில் அந்தச் சில மைக்ரான்களில்தான் போய் நிற்கும்.

இழுத்துக் கட்டிய தோல் எப்படி அதிரும் என்பது நம் ஊரில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் மிருதங்கம், தபலாவின் ஒலி பற்றி எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக. வட்டமான ஒரு வெறும் தோலைத் தட்டினால் அதன் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் எழும். அதனால்தான் பல மேளங்களில் சுருதி தெளிவாக நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை பூசி, நடுவில் கனத்தைக் கூட்டியதும் அந்த மேற்சுரங்கள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்று ஒழுங்காக வந்து உட்காருகின்றன. ஒன்பது வகை அதிர்வுகள் சேர்ந்து ஐந்து இசைச்சுரங்களாக ஆவதை ராமன் காட்டினார்.

பேனல் ஸ்பீக்கரும் இழுத்துக் கட்டிய தோல்தான். ஆனால் அதன் வேலை நேர் எதிர். மிருதங்கத்துக்குச் சொந்தக் குரல் வேண்டும். ஸ்பீக்கருக்கு அது இருக்கவே கூடாது. அதனால் தாளைச் சமமற்ற அகலமுள்ள பகுதிகளாகப் பிரித்து இறுக்கி, ஒவ்வொரு பகுதியின் இயல்பு அதிர்வும் வேறு வேறு இடத்தில் விழும்படி செய்கிறார்கள். ஒன்று ஓங்கும் இடத்தில் மற்றொன்று ஓங்காது. மீதியை, தாளை இரு பக்கமும் அணைத்து நிற்கும் காற்றே அடக்கிவிடுகிறது. தாளும் காற்றும் ஏறக்குறையச் சம எடை என்பதால்தான் அது நடக்கிறது. கரணை பூசுகிறவரும் பேனல் செய்கிறவரும் ஒரே பாடத்தைப் படித்து எதிரெதிர்த் திசையில் போனவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1924-இல் ஜெர்மனியில் வால்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் காந்தப் புலத்தில் ஒரு மெல்லிய உலோக நாடாவைத் தொங்கவிட்டு ரிப்பன் மைக்கையும் ரிப்பன் ஸ்பீக்கரையும் உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ரைஸும் கெல்லாகும் கோன் ஸ்பீக்கரின் இன்றைய வடிவத்தை வெளியிட்டார்கள். மலிவு, உறுதி, சத்தம் மூன்றிலும் கோன் வென்றது. உலகம் அந்தப் பக்கம் போனது. 1957-இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்தில் பீட்டர் வாக்கர், மின்னூட்டம் ஏற்றிய தாளை இரண்டு தகடுகளுக்கு நடுவே நிறுத்தும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜிம் வைனி மேக்னபேன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஃப்ரிட்ஜ் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறதே, அந்த ரகத்து வளையும் காந்தப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, எதிரே கம்பி ஒட்டிய மைலார் தாளை நிறுத்தினார். 1980-களில் அப்போஜி நிறுவனம் ஆளுயர ரிப்பன்களைச் செய்து காட்டியது. நம் பக்கத்திலும் ஆள் உண்டு: புனேயின் கேடன்ஸ் ஆடியோ, எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனலோடு கோன் வூஃபரைச் சேர்த்த ஸ்பீக்கர்களை இந்தியாவில் செய்து வெளிநாட்டுக்கும் அனுப்பியது. அந்தச் செய்தி இங்கே போதுமான அளவு பேசப்படாதது எனக்கு வருத்தம்தான்.

இனி நவி மும்பையின் சான்பாடாவுக்கு வருவோம். ஒரு பக்கம் ஹார்பர் லைன் தண்டவாளமும் மின்ரயில்களுக்கான கார் ஷெட்டும், மறுபக்கம் பாம் பீச் சாலையும் அதைத் தாண்டி அலையாத்திக் காடும் தானே கழிமுகமும். கச்சேரி கேட்க வேண்டுமென்றால் நேரே ரயிலேறி ஜி.டி.பி. நகரில் இறங்கி சண்முகானந்தா அரங்குக்குப் போய்விடலாம். வீட்டிலேயே கேட்க வேண்டுமென்றால் இருப்பது அடுக்குமாடியின் ஒரு ஹால். நான் சொல்வதெல்லாம் இந்த ஹாலை மனதில் வைத்துத்தான்: பத்துக்குப் பதினாறு அடி, ஒரு சுவரில் சோபா, எதிர்ச்சுவரில் டிவி, ஒரு பக்கம் பால்கனிக் கதவு, தலைக்கு மேல் ஃபேன்.

பேனலுக்குப் பெட்டி கிடையாது. தாள் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அதனால் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு ஒலி போகிறது, ஆனால் தலைகீழாக. இரண்டும் சந்திக்கும் பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸ்பீக்கரின் விளிம்புக்கு நேராக நின்றால் பாட்டு சட்டென்று மெலிந்துவிடும். குறுகிய ஹாலுக்கு இது பெரிய வரம். பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து குரலைக் கலங்கடிக்கும் ஒலி வெகுவாகக் குறைகிறது. பேனல் உயரமாக இருப்பதால் தரைக்கும் கூரைக்கும் போவதும் குறைவு. பளிங்கு போன்ற டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் நம் வீடுகளில் பேனல் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

பின்பக்கம் போகும் ஒலிக்குத்தான் இடம் விட வேண்டும். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அது சுவருக்குப் போய்த் திரும்ப இரண்டு மீட்டர் கூடுதலாக நடக்கிறது. ஆறு மில்லிசெகண்டு தாமதம். அந்த இடைவெளி இருந்தால் காது அதை மேடையின் ஆழமாக எடுத்துக்கொள்கிறது. அரையடியில் வைத்தால் நேரொலியோடு கலந்து குரல் பூசினாற்போல் ஆகிவிடும். ஒரு மீட்டர் என்பது பதினாறடி ஹாலில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் எல்லோரும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை, நியாயம்தான். ஆனால் பேனலின் தடிமன் சில சென்டிமீட்டர்தான். கேட்காத நேரத்தில் சுவரோடு ஒதுக்கிவிட்டு, கேட்கும்போது முன்னே இழுத்துக்கொள்ளலாம். தரையில் சின்னதாக டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பெட்டி ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால், ஒரு கையால் நகர்த்தக்கூடிய பண்டம் இது.

பெட்டி இல்லாததற்குக் கொடுக்கும் விலை பேஸில் தெரியும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர். அரை மீட்டர் அகலப் பேனலின் விளிம்பைச் சுற்றி வந்து முன்னொலியை அழிப்பது அதற்கு எளிது. 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க இந்த அழிவு கூடிக்கொண்டே போகும். இதை ஈடுகட்டத் தாளின் இயல்பு அதிர்வை 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம் அமைத்து அங்கே கொஞ்சம் தூக்கிவிடுகிறார்கள். சொந்தக் குரலே கூடாது என்ற விதிக்கு அந்த ஒரே இடத்தில் விலக்கு. அதனால் மிருதங்கத் தொப்பியின் கும்கி தெளிவாக வரும். ஆனால் நெஞ்சில் மோதாது. அடுத்த வீட்டுக்காரருக்கு இது நல்ல செய்தி. தவிலும் நாகஸ்வரமும் கோயில் வாசலில் கேட்கும் அளவுக்கு வேண்டும் என்பவருக்கும், இன்றைய திரைப்பாட்டின் அடிநாதம் வேண்டும் என்பவருக்கும் இந்த ஸ்பீக்கர் ஏற்றதல்ல. சப்வூஃபர் சேர்க்கலாம். வேகமான தாளுக்கும் கனமான கோனுக்கும் தையல் தெரியாமல் சேர்ப்பது கடினம் என்பதால் நான் அதை யாருக்கும் முதலில் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்தது ஆம்ப்ளிஃபயர். பத்து சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், பத்து மைக்ரான் தடிமன் உள்ள அலுமினிய ரிப்பனின் மின்தடை 0.03 ஓம்கூட இராது. அதை நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் ஷார்ட் சர்க்யூட் செய்ததற்குச் சமம். ஆகவே குட்டை ரிப்பன்களுக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆளுயர ரிப்பனையே மெலிதாக, குறுகலாகச் செய்தால் தடை இரண்டு மூன்று ஓமுக்கு உயர்ந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. அப்போஜியின் சிண்டில்லா ஸ்பீக்கருக்கு ஒரு ஓம். 20 வோல்ட் கொடுத்தால் எட்டு ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும், நான்கு ஓம் பேனல் 5 ஆம்பியர், சிண்டில்லா 20 ஆம்பியர். பல நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் அதன் முன்னால் படுத்துவிட்டன.

மேக்னபேன் வகைப் பேனல்கள் அவ்வளவு கொடுமைக்காரர்கள் அல்ல. நான்கு ஓம் அளவில் சீராக நிற்பார்கள். ஆனால் மின்சாரத்தை ஒலியாக மாற்றுவதில் சிக்கனம் இல்லை. காந்தங்கள் தாளிலிருந்து தள்ளி நிற்பதால் புலம் பலவீனம். 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நான்கு ஓமில் அது இரண்டு வாட். ஒரு வாட்டுக்கு 83 டெசிபல்தான். 90 டெசிபல் தரும் பெட்டி ஸ்பீக்கரோடு சமமாக ஒலிக்க ஐந்து மடங்கு சக்தி வேண்டும். உயரமான பேனலின் ஒலி தூரத்தோடு மெதுவாகக் குறையும் என்பதால் சோபாவில் உட்காரும்போது வித்தியாசம் சற்றுச் சுருங்கும், அவ்வளவுதான்.

ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது பார்க்க வேண்டியது எட்டு ஓமில் எத்தனை வாட் என்பதையல்ல. நான்கு ஓமில் அது ஏறக்குறைய இரட்டிக்கிறதா என்பதை. இரட்டித்தால் மின்னோட்டம் கொடுக்கத் தெம்பு இருக்கிறது என்று பொருள். சின்ன ஆம்ப்ளிஃபயரை முட்ட முட்டத் திருப்புவது பெரிய ஆம்ப்ளிஃபயரைவிட ஆபத்து: அலையின் தலை வெட்டுப்பட்டு, அந்த வெட்டில் பிறக்கும் உச்ச அதிர்வுகள் நேரே ட்வீட்டருக்குப் போய் ரிப்பனைச் சூடாக்கி அறுக்கும். ட்வீட்டருக்கு ஃபியூஸ் இருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் மாற்றிப் போட வேண்டும். மும்பையின் லேமிங்டன் ரோட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவிட்டு ரிப்பனை இழந்தவர்கள் உண்டு.

பராமரிப்பில் சான்பாடா தன் குணத்தைக் காட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நிற்கும். கழிமுகத்திலிருந்து வருவதால் அதில் உப்பும் உண்டு. அலுமினியம் சாதாரணமாகத் தன் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு தப்பித்துவிடும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை ஊசிமுனையாகத் துளைக்கிறது. தடிமனான ஜன்னல் சட்டத்துக்கு அது ஒரு வெள்ளைப் புள்ளி. மயிரிழைக் கம்பிக்கு அது அறுபடும் இடம். மிகவும் கவனிக்க வேண்டியது அலுமினியக் கம்பி செம்பையோ பித்தளையையோ சந்திக்கும் முனை. இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம்: தானாகவே ஒரு பேட்டரி உருவாகி அலுமினியம் கரையும். மழைக்காலத்தில் டிஹியூமிடிஃபயரோ ஏசியோ தினம் சில மணி நேரம் ஓடினால் பெரும்பகுதி பிரச்சினை வராது. ஏசியின் காற்று நேராகப் பேனலில் அடிக்க மட்டும் விடக் கூடாது.

காற்று ரிப்பனின் பகை. பால்கனியிலிருந்து வரும் வேகமான காற்று, முழு வேகத்தில் சுற்றும் ஃபேன், இரண்டும் ரிப்பனைப் பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் அலைக்கும். நாளடைவில் அது தொய்ந்து காந்தத்தில் உரசும். ரிப்பனில் படிந்த தூசியை வாயால் ஊதும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். வாக்குவம் கிளீனர் பக்கத்திலேயே வரக் கூடாது.

ரயில் தடத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து எழும் தூசியில் இரும்பு இருக்கும். பேனலுக்குள் நீள நீளமாகக் காந்தம். இரும்புத் தூள் தேடிவந்து ஒட்டி, ரிப்பனுக்கும் காந்தத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் மீசைபோல் வளரும். ஒரு நாள் ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் கரகரப்பு கேட்கும். கேட்காத நேரத்தில் நெருங்கப் பின்னிய பருத்தித் துணியால் முழுதாக மூடிவைப்பதே இதற்கு உள்ள எளிய வழி. பிளாஸ்டிக் உறை வேண்டாம்; ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மேற்கு வெயிலும் துணிக்கு வெளியே நிற்கட்டும். புற ஊதாக் கதிர் கம்பியைத் தாளோடு பிடித்திருக்கும் பசையை உலர்த்தி உதிர்க்கிறது.

பசை விட்டதா என்று அறிய, ஃபோனில் உள்ள டோன் ஜெனரேட்டரிலிருந்து 30 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றினால் போதும். விட்ட இடம் இருந்தால் ஏதாவது ஒரு புள்ளியில் வண்டு முரல்வது கேட்கும். பிறகு பேனலை இரண்டு ஸ்டூல் மேல் படுக்கவைத்து, சட்டத்தில் துணியைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி, துணியைக் கழற்ற வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தாளின் மட்டத்தில் சாய்வாகப் பிடித்தால் எல்லாம் தெரியும். நன்றாக ஒட்டிய கம்பி ஒரே நேர்கோடாக மின்னும். விட்ட கம்பிக்குப் பக்கத்தில் அதன் நிழல் தனிக்கோடாக விழும். காட்டன் பட்ஸால் லேசாகத் தொட்டால் அந்த இடம் மட்டும் எழுந்து அடங்கும். கம்பியின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அங்கே தொடாமலிருப்பது நல்லது. தொட்டாலே அறுந்துவிடும் அளவுக்குக் கரைந்திருக்கலாம்.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் துடைத்து, காய்ந்ததும், நீரில் கலந்த காண்டாக்ட் பசையை மெல்லிய தூரிகையால் கம்பியின் மேல் ஒரே ஒரு படலமாக இழுக்க வேண்டும். கை நடுங்கினால் பரவாயில்லை, படலம் கனத்துவிடக் கூடாது. உறுதியாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று தடவை பூசியவர்களின் பேனல் முரலாது. ஆனால் முன்புபோலப் பாடவும் செய்யாது. சில கிராம் கனத்தைத் தவிர்க்கத்தானே இவ்வளவு விலை கொடுத்தோம். அறுந்த கம்பியை இணைப்பது வேறு வேலை. அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. அதற்கென்று உள்ள ஃப்ளக்ஸ் வேண்டும் அல்லது சின்னக் குழாய்க்குள் இரு முனையையும் வைத்து நெரிக்க வேண்டும். இந்த வேலையெல்லாம் ஜனவரியில் வைத்துக்கொள்வதே உத்தமம். ஆகஸ்டில் பூசிய பசை காய்வதாகப் பேர் பண்ணும், காயாது.

எலெக்ட்ரோஸ்டாட்டிக் வைத்திருப்பவர்களுக்கு அலுமினியக் கவலை இல்லை, மின்னழுத்தக் கவலை. குவாடின் 1957 மாடலில் பேஸ் பகுதிக்கு 6,000 வோல்ட், ட்வீட்டருக்கு 1,500 வோல்ட். 1981-இல் வந்த ஈஎஸ்எல்-63-இல் 5,250. மின்னூட்டம் தூசியை இழுக்கும், தூசி ஈரத்தை இழுக்கும், ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிடும். சத்தம் குறைந்து, சீறலும் சொடக்கும் கேட்கத் தொடங்கினால் அதுதான் நடக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு முழுக்க விட்ட பிறகே எதையும் தொடலாம். திறந்து பார்ப்பதைப் பழக்கமுள்ள டெக்னீஷியனிடம் விட்டுவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. கழிமுகத்தை ஒட்டிய வீட்டுக்கு இரண்டில் எது என்று கேட்டால் நான் காந்தப் பேனலைத்தான் சொல்வேன்.

புதிதாக வாங்க வசதி இல்லாதவர்களுக்குப் பழைய ஜோடிதான் வழி. கவனமாக வாங்கினால் நல்ல வழியும்கூட. மல்டிமீட்டர் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேனலிலும் பேஸ் பகுதியின் மின்தடையைத் தனித்தனியே அளந்தால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒன்று திறந்து கிடப்பதாகக் காட்டினால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. எண் ஏறி இறங்கி ஆடினால் அறுந்துகொண்டிருக்கிறது. ட்வீட்டரை கிராஸ்ஓவருக்குப் பின்னால், அதன் சொந்த முனைகளில் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலுள்ள கெப்பாசிட்டர் தவறான பதிலைச் சொல்லும். பிறகு டோன் ஜெனரேட்டர். அதற்கும் பிறகு விற்பவரிடம் இரண்டு கேள்விகள்: இது எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றது, மழை மாதங்களில் அந்த அறை மூடிக் கிடந்ததா? மூன்று மழைக்காலம் பூட்டிய வீட்டில் கிடந்த ஜோடியைவிட, பதினைந்து ஆண்டு தினமும் பாடிய ஜோடியை நான் அதிக விலை கொடுத்து எடுப்பேன்.